நாலாவது சைக்கிள்

தம்பி, கோயமுத்தூர் ப்ளேனுக்கு இந்தக் கேட்டுதானுங்களே? போர்டுல எழுத்து ஓடிக்கிட்டே இருக்குது, ஒண்ணைப் படிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துருது. சரி, அப்ப இங்கயே உக்காந்துக்கறேன்.

உங்களுக்கு எந்தூருங்க? பல்லடமா. நமக்குச் சங்ககிரி. சென்னியப்பன். மூணு லாரி வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன், இப்ப எல்லாத்தையும் குடுத்துட்டு வீட்டோட இருக்கறனுங்க. மக நியூசிலாந்துல இருக்குது, மைதிலின்னு பேரு. அதைப் பாத்துட்டுத் திரும்பி வாறேன், இங்க ப்ளேன் மாறோணும்.

தனியாத்தானுங்க. எங்கூட்டுக்காரி இன்னும் ரெண்டு மாசம் மகளோட இருந்துட்டு வருவா. நாந்தான் இருந்துட்டு வான்னு சொன்னேன். பொம்பளைங்களுக்கு அந்த ஆசை இருக்குமில்லீங்க. நாம குறுக்க நிக்கப்படாது.

ஆனா தம்பி, உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கோணும். நீங்க நம்ம பக்கத்து ஆளு, எங்க ரெண்டு பேரையும் தெரியாது. முழுசாக் கேட்டுட்டு எம் மேல என்ன தப்புன்னு சொல்லுங்க.

அங்கெல்லாம் லீவு உட்டாங்கன்னா சனம் வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டுக் கெளம்பிருதுங்க. காருக்குப் பின்னால ஒரு கொக்கி, கொக்கியில ஒரு பொட்டி. கேரவான்னு சொல்றாங்க. நான் பொட்டின்னுதான் சொல்லுவேன். உள்ளயே கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம். நம்ம மாப்பிள்ளை சிபி ஒண்ணை வாடகைக்கு எடுத்தாந்து வாசல்ல நிறுத்திட்டாரு. "மாமா, தெற்குத் தீவை ஒரு சுத்து சுத்திட்டு வந்தறலாம்"னாரு. நல்ல பையனுங்க. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பேச்சுத்தான் கொஞ்சம் கம்மி.

பொட்டிக்குப் பின்பக்கம் சைக்கிள் ஏத்தறதுக்குன்னே ஒரு இரும்புத் தாங்கி வெச்சிருந்தாங்க. சக்கரம் உக்கார்ற மாதிரி நாலு வரிசை. சக்கரத்தைப் பட்டை போட்டு இறுக்கிட்டா, மேல ஒரு கம்பி வந்து சைக்கிளோட நடுச்சட்டத்தைப் புடிச்சுக்கும். அதுல நாலு சைக்கிளை ஏத்துனாரு. ரெண்டு அவங்களுது. ரெண்டு, சிநேகிதங்ககிட்ட வாங்குனது.

"அந்த ரெண்டும் ஆருக்கு மாப்ளே?"ன்னேன்.

"உங்களுக்கும் அத்தைக்கும்தான் மாமா."

நான் சிரிச்சுட்டேன். துளசிமணி சிரிக்கல. துளசிமணிங்கறது எங்கூட்டுக்காரி. அவ அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்துல போயி மணியைத் தொட்டுப் பாத்துட்டு வந்தா. அதை நான் அப்பப் பெருசா எடுத்துக்கல.

பட்டையை இழுத்துப் பாத்தனுங்க. சும்மா பள்ளிக்கூடத்துப் பை வார் மாதிரி இருக்குது. நான் எத்தனை லோடு கட்டியிருப்பேன். பாம்பேக்கு நூலு, நாக்பூருக்குக் கோழித்தீவனம். "மாப்ளே, ஒரு கயிறு போட்டுக்கலாமே"ன்னேன். "இதுவே போதும் மாமா, இதுக்குன்னு செஞ்சது"ன்னாரு. சரி, அவரு வண்டி.

ராத்திரிக்கு எங்க ரெண்டு பேருக்கும் பொட்டியோட பின்பக்கக் கட்டில். தலைமாட்டுல பெரிய கண்ணாடி சன்னல். சன்னல்ல என்ன தெரியும்னு நெனைக்கறீங்க? சைக்கிள்தான். சக்கரக் கம்பி, பெடல், செயின். அதுக்கு அந்தப் பக்கம் மலை இருக்குது, ஏரி இருக்குதுன்னு மக சொல்லும். எனக்குக் கம்பிதான் தெரிஞ்சுது. ஜெயில்ல போட்ட மாதிரின்னு சொன்னேன். துளசிமணி, "அப்ப வெளிய வந்து பாருங்க"ன்னா. வெளிய ஒரே குளிருங்க. சொட்டர் போட்டும் நிக்க முடியல.

கட்டில்ல கால் நீட்ட இடமில்ல. முன்பக்கம் பாத்தா அரிசி மூட்டை, தண்ணிக் கேனு, குக்கர், பருப்பு டப்பா எல்லாத்தையும் நடுவுல அடுக்கி வெச்சு, நடக்கற வழியே போச்சு. எங்க கட்டிலுக்கு அடியில பாத்தா காலியாக் கெடக்குது. ஒருநாள் காலையில அவங்க டீ குடிச்சுட்டு இருக்கறப்ப, நான் எல்லாத்தையும் தூக்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். எவ்வளவு இடம் கெடச்சுது தெரியுங்களா. ஆருகிட்டயும் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்குது, ஒரு உதவி.

அன்னிக்கு ஒரு இறக்கத்துல கார் போயிக்கிட்டிருக்குது. முன்னால நானும் மாப்பிள்ளையும். பின்னால அம்மாளும் மகளும். திடீர்னு பின்பக்கத்தை ஆரோ புடிச்சு ஆட்டற மாதிரி இருந்துச்சுங்க. கண்ணாடியில பாக்கறேன், பொட்டி மாட்டு வாலாட்டம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடிக்குது. காரையும் சேத்து இழுக்குது. நான், "பிரேக்கைப் போடுங்க மாப்ளே, பிரேக்கைப் போடுங்க"ன்னு கத்தறேன். அவரு போடல. ஸ்டியரிங்கை நேராப் புடிச்சுக்கிட்டு, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு உக்காந்துட்டாரு. உதட்டைக் கடிச்சுக்கிட்டிருந்தாரு. கொஞ்சங்கொஞ்சமா வேகம் கொறஞ்சு, ஆட்டமும் நின்னுச்சு. ஓரமா நிறுத்துனாரு.

எறங்கிப் பாத்தா, பின்னால வந்த பைக்குக்காரன் ஒருத்தன் ரோட்டை உட்டே எறங்கிப் புல்லுல நிக்கறான். பைக்கு சாஞ்சு கெடக்குது. பொட்டி அவம் மேல வருதுன்னு ஒதுங்கியிருக்கறான். அடி படல. வந்து மாப்பிள்ளைகிட்டப் பேசுனான். சத்தம்கூடப் போடல. மைதிலி போயி அவனுக்குத் தண்ணி குடுத்துச்சு.

மாப்பிள்ளை பொட்டிக்குள்ள போனாரு. கட்டிலுக்கடியில குனிஞ்சு பாத்தாரு. 

"மாமா, பின்னால சைக்கிளே கனம். அதுக்கு மேல கனம் சேந்தாப் பொட்டி ஆடும்னு கெளம்பறப்பவே சொன்னனே."

"காத்துங்க மாப்ளே. இறக்கத்துல ஒரு பக்கக் காத்து அடிச்சுது, நான் பாத்தேன்"னேன்.

அவரு எல்லாத்தையும் தூக்கிப் பழைய இடத்துலயே வெச்சாரு. வெச்சுட்டு, "இனிமே சாமானை நான் பாத்துக்கறனுங்க மாமா"ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. ஆனா சொல்லிட்டாருங்களே தம்பி. இவ்வளவு வருசம் லோடு ஏத்துனவனைப் பாத்து. மகளாச்சும் ஒரு வார்த்தை எனக்காகப் பேசும்னு பாத்தேன். அது சன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டு, "அந்தாளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"ன்னுச்சு. அவ்வளவுதான்.

காத்துன்னு சொல்லிட்டு வர்றேன், ஒருத்தரும் காதுல வாங்கலீங்க.

சரி, சாமானத்துலதான் கை வெக்கப்படாது, காவலாச்சும் பாப்பம்னு, அடுத்த ஊர்ல ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்குனேன். நாலு சைக்கிளுக்குள்ளயும் சங்கிலியை உட்டு, தாங்கியோட சேத்துப் பூட்டிட்டேன். ஒரு சாவி சட்டைப் பையில. இன்னொண்ணு என் துணிப்பைக்குள்ள, அடியில. அந்த ஊர்ல திருட்டே கிடையாதுன்னு மக சொல்லுது. திருட்டே இல்லாத ஊர்ல பூட்டை எதுக்கு விக்கறான்? 

அப்புறம் தினமும் இதுதானுங்க. போய்ச் சேந்த எடத்துல பொட்டியைக் கழட்டி நிறுத்துவாங்க. மறுநாள் காலையில மாப்பிள்ளை வந்து, "மாமா, சாவி"ன்னு நிப்பாரு. நான் போயித் தெறந்து ரெண்டு சைக்கிளை எறக்கி உடுவேன். அவங்க ரெண்டு பேரும் ஏரிக்கரையோரம் போயிருவாங்க. நான் மீதி ரெண்டையும் பூட்டிட்டு வந்து உள்ள உக்காந்துக்குவேன். பொட்டிக்கு ஒரு ஆள் காவல் வேணுமில்லீங்களா. லாரியைத் தனியா உட்டுட்டுப் போற பழக்கம் நம்மகிட்டக் கிடையாது.

துளசிமணியும் எங்கூட இருந்தா. சமைப்பா, கழுவுவா, கட்டில் மேல ஏறி உக்காந்து அந்தச் சைக்கிள் கம்பி சந்துல வெளிய பாத்துக்கிட்டிருப்பா. ஒருநாள் வந்து கையை நீட்டுனா.

"சாவியைக் குடுங்க. நானும் ஒரு சுத்து போயிட்டு வாறேன்."

"உனக்கென்ன கிறுக்கா? அறுவது வயசுல உழுந்து இடுப்பு ஒடிஞ்சா, இந்த ஊர் ஆஸ்பத்திரியில ஆரு பாக்கறது?"

சரின்னு போயிட்டா. மறுநாள் மறுபடி வந்து அதே மாதிரி கையை நீட்டுனா. "சாவியைக் குடுங்க." அதே குரல். கோவமும் இல்ல, கெஞ்சலும் இல்ல. நானும் அதே பதிலைச் சொன்னேன். அதுக்கப்புறம் கேக்கல. புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லீர்றேன் தம்பி, நீங்க வேற மாதிரி நெனச்சுக்கப்படாது. நானும் சைக்கிள் ஓட்டறதில்ல. வராதுன்னு இல்ல. தேவைப்படல. எங்கப்பாரு சின்னதுலயே லாரியில கிளீனரா ஏத்தி உட்டுட்டாரு. நம்ம காலு ஏறுனது நேரா லாரிப் படியிலதான். மூணு லாரி வெச்சிருந்தவன் சைக்கிளைத் தேடிப் போவோணுமாக்கும். மாப்பிள்ளை ரெண்டு மூணு தரம், "வாங்க மாமா"ன்னு கூப்பிட்டாரு. முழங்கால் வலின்னு சொல்லிட்டேன். வலி இருந்துச்சு. கொஞ்சம் இருந்துச்சு.

அப்புறம் அந்த நாளு.

மத்தியானம் சோறு தின்னுட்டுப் படுத்தனுங்க. ரசம், உருளைக்கெழங்கு. நல்ல தூக்கம். முழிச்சுப் பாத்தா சத்தமே இல்ல. பாத்திரச் சத்தம் இல்ல, தண்ணிச் சத்தம் இல்ல. "துளசி"ன்னேன். பொட்டி எவ்வளவு நீளம், ஒருக்காக் கூப்பிட்டாலே தெரிஞ்சுருமில்ல. ஆளில்ல. தலைமாட்டுல சன்னலைப் பாக்கறேன், ரெண்டு சைக்கிள் இருந்த எடத்துல ஒண்ணுதான் நிக்குது. ஒண்ணு போன எடத்துல ஏரி தெரியுது. பச்சையும் இல்லாம நீலமும் இல்லாம ஒரு நெறம்.

சட்டைப் பையைப் பாத்தேன், சாவி அப்படியே இருக்குது. துணிப்பையை எடுத்துக் கொட்டுனேன். அடியில வெச்ச சாவியைக் காணல. அந்தப் பையை ஊர்ல அடுக்குனவளே அவதானுங்க. எதை எங்க வெப்பேன்னு எனக்கு முன்னால அவளுக்குத் தெரியும்.

வெளிய போயிப் பாக்கலாம்னு கதவுக்கு வந்தேன். கைப்புடியைத் திருகறேன், தெறக்கல. தள்ளறேன், தெறக்கல. இழுக்கறேன். எப்பவும் ஆராச்சும் முன்னால போயித் தெறப்பாங்க, நான் பின்னால எறங்குவேன். அதனால கவனிச்சதில்ல. என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டான்னு நெனச்சுட்டேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.  சன்னலைத் தெறந்தா ஒரு சாண் மட்டும் வெளிப்பக்கமாத் தூக்குது, அதுக்கு மேல வரல. போனை எடுத்து மகளைக் கூப்பிடறேன், அந்த மலைக்குள்ள சிக்னல் இல்ல. அடுப்பு, கட்டில், கதவு. கதவு, கட்டில், அடுப்பு. திரும்பறதுக்குக்கூட எடமில்லாம நடக்கறேன். லாரி கேபின் இதைவிடச் சின்னது. அதுல ராத்திரி பகலா உக்காந்திருக்கறேன், ஒருநாளும் இப்படி ஆனதில்ல.

கடைசியில சன்னலைப் படபடன்னு தட்டுனேன். பக்கத்துப் பொட்டியில ஒரு வெள்ளைக்காரம்மா, என் வயசிருக்கும், துணி காயப் போட்டுக்கிட்டிருந்துச்சு. வந்து எட்டிப் பாத்துச்சு. நான் கதவைக் காட்டறேன். அது கையை மேல தூக்கித் தூக்கிக் காட்டுது. எனக்கு வணக்கம் சொல்லுதுன்னு நானும் கையைத் தூக்கறேன். அது தலையை ஆட்டிட்டு மறுபடி காட்டுது. அப்புறந்தான் புரிஞ்சுது. கைப்புடியைத் திருகப்படாது, மேல தூக்கோணும். தூக்குனேன். தெறந்துருச்சு. பூட்டவே இல்லீங்க.

அந்தம்மா ஒரு நாற்காலி கொண்டாந்து போட்டு, ஒரு டம்ளர்ல காப்பி குடுத்துச்சு. சக்கரை இல்லாத காப்பி. குடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

வெயில் சாயறப்ப வந்தாங்க. முன்னால மாப்பிள்ளை, பின்னால மைதிலி, அதுக்கும் பின்னால துளசிமணி. சுடிதார், மேல மகளோட ஜாக்கெட்டு, தலையில ஹெல்மெட்டு. எனக்கு மொதல்ல ஆருன்னே தெரியல தம்பி. நேரா வந்து, பிரேக் புடிச்சு, ஒரு காலை ஊனி நின்னா. ஆட்டமே இல்ல. புதுசா ஓட்டறவங்க நிக்கறப்ப ஒரு தடுமாத்தம் இருக்குமில்லீங்க, அது இல்ல.

மூஞ்சி செவந்து போயிருந்துச்சு. மூச்சு வாங்குது. எம் பக்கத்துல நிக்கற வெள்ளைக்காரம்மாவைப் பாத்துச் சிரிச்சா.

"இதை எப்பக் கத்துக்கிட்ட?"ன்னேன்.

"ஒம்பதாவது படிக்கறப்ப. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்லதானுங்க போனேன்."

"எங்கிட்டச் சொன்னதே இல்ல."

"நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான் சைக்கிள்லதான் வந்து வாசல்ல எறங்குனேன். உங்கம்மா பாத்தாங்க. நீங்க உள்ள முறுக்கு தின்னுட்டு இருந்தீங்க." ஹெல்மெட்டைக் கழட்டி ஹேண்டில்பார்ல மாட்டுனா. "அந்த சைக்கிளை எங்கூடக் குடுத்து உட வேண்டாம்னு எங்கப்பாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டாங்க. என் தம்பி ஓட்டட்டும்னு உட்டுட்டு வந்தேன்."

எனக்கு இது தெரியாதுங்க. எங்கம்மா போயே பல வருசமாச்சு, அதுவும் சொன்னதில்ல. முறுக்கு தின்னது ஞாபகம் இருக்குது. நல்ல முறுக்கு.

"என்னை உள்ள வெச்சுட்டுப் போயிட்ட"ன்னு கேட்டேன். "கதவு தெறக்கல, செத்திருப்பேன்."

"கதவைப் பூட்டலீங்களே"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சாவியை எங்கிட்டத் திருப்பிக் குடுப்பான்னு பாத்தேன். குடுக்கல. ஜாக்கெட் பையில போட்டு ஜிப்பை இழுத்துக்கிட்டு அடுப்பு பத்த வெக்கப் போயிட்டா. அன்னிக்குச் சோத்துல உப்பு கரெக்டாத்தான் இருந்துச்சு. கோவமா இருந்தா உப்பு கூடிரும், எனக்குத் தெரியும். அப்ப கோவம் இல்லீங்க. அதுதான் எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு.

அடுத்த நாள்ல இருந்து மூணு சைக்கிள் போகும். நாலாவது நிக்கும். நான் உள்ள இருப்பேன். சன்னல்ல அந்த ஒண்ணு மட்டும் குறுக்க நிக்கும். எனக்குன்னு கொண்டாந்தது. கறுப்பு நெறம், சீட்டு ரொம்ப ஒசரம். மாப்பிள்ளை அப்பறம் "வாங்க"ன்னு கூப்பிடறதில்ல. மரியாதைக்குத்தான் உட்டுட்டாருன்னு வெச்சுக்கங்களேன்.

சாயங்காலம் வந்து மூணு பேரும் பேசுவாங்க. எந்த மேடு கஷ்டம், எங்க நாய் தொரத்துச்சு, எந்தப் பாலத்துல பலகை ஆடுது. எனக்கு அந்தப் பாலம் எது, மேடு எதுன்னு தெரியாது. "சரி, சரி"ம்பேன். ஊர்ல பாம்பே ரோடு, நாக்பூர் ரோடு எல்லாம் நான் சொல்லி அவ கேட்டுக்கிட்டிருப்பா. அவளும் "சரி, சரி"ம்பா.

ஊருக்குக் கெளம்ப கொஞ்ச நாள் இருக்கறப்ப, ஒரு கடலோரத்துல தங்குனோம். அன்னிக்கு மூணு பேரும் கார்ல காய்கறி வாங்கப் போயிருந்தாங்க. தாங்கியில பட்டை சரியா இருக்குதான்னு பாக்கலாமேன்னு போனனுங்க. பாத்துக்கிட்டே அந்தக் கறுப்புச் சைக்கிளைக் கீழ எறக்குனேன். எறக்கி ஏத்தறது எப்படின்னு தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதுதானே. சும்மா புல்லு மேல தள்ளிக்கிட்டுப் போனேன். ஆருமில்ல. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். சீட்டு ஒசரம்னு சொன்னனில்ல, இந்தக் கால் தரையில எட்டல. சைக்கிள் சாஞ்சுருச்சு. நானும் சேந்து சாஞ்சுட்டேன். பெரிய அடி ஒண்ணுமில்ல, புல்லுதான். எந்திரிச்சு, சைக்கிளைத் தொடச்சு, பழையபடி ஏத்திக் கட்டிட்டு வந்து உக்காந்துட்டேன்.

அவங்க வந்தாங்க. துளசிமணி என் பேண்ட்டைப் பாத்தா. முழங்காலுக்குக் கீழ செயின் மசி பட்டைபட்டையா அப்பியிருக்குது. நான் கவனிக்கல. "கழட்டிக் குடுங்க"ன்னா. குடுத்தேன். வெளிய கொழாயில உக்காந்து சோப்பு போட்டுத் தேச்சுக்கிட்டே இருந்தா. மகளும் மாப்பிள்ளையும் என்னன்னு கேட்டதுக்கு, "குழம்பு கொட்டிருச்சு"ன்னா.

மறுநாள் காலையில விடிஞ்சும் விடியாம என் தோளைத் தொட்டு எழுப்பறா. "வெளிய வாங்க"ன்னு கூப்பிட்டுட்டு எறங்கிப் போறா. சொட்டரைப் போட்டுக்கிட்டுப் போனேன். கைப்புடியைத் தூக்கி நானேதான் தெறந்தேன். பாத்தா, அந்தக் கறுப்புச் சைக்கிளைக் கீழ எறக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. சீட்டு நல்லாக் கீழ எறங்கி இருக்குது.

"இப்பக் கால் எட்டும்"னா. "நான் பின்னால புடிச்சுக்கறேன். ஆரும் எந்திரிக்கல."

நீங்களே சொல்லுங்க தம்பி. காத்து சில்லுன்னு அடிக்குது, பல்லுக் கிட்டுது. ஒரு மனுசனைத் தூக்கத்துல எழுப்பிக் கூப்பிடற நேரமா அது? அதுவும் ஆரும் பாக்க மாட்டாங்கன்னு வேற சொல்றா. பாத்தா என்ன, பாக்காட்டி என்ன, எனக்கென்ன பயமா?

"பொட்டிக்கு ஆரு காவல்?"னு கேட்டேன்.

அவ பொட்டியைப் பாத்தா. உள்ள மகளும் மாப்பிள்ளையும் தூங்கறாங்க. என்னைப் பாத்தா. சைக்கிளைப் புடிச்ச கையை எடுக்கல. அப்படியே நின்னா. அவ்வளவு நேரம் அவ என்னைப் பாத்துக்கிட்டு நின்னதே இல்லீங்க. எப்பவும் ஏதாச்சும் வேலை இருக்கும், பாத்துக்கிட்டே போயிருவா. நான் சொட்டர் பொத்தானைப் போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு பொத்தானு ஓட்டையில போகவே மாட்டேங்குது.

"முழங்கால் வலிக்குது"ன்னேன்.

"சரிங்க"ன்னா.

சைக்கிளைத் தூக்கித் தாங்கியில வெச்சா. நான் வந்து ஒரு கை புடிக்கலாம்னு போறதுக்குள்ள வெச்சுட்டா. முன்சக்கரப் பட்டை, பின்சக்கரப் பட்டை, நடுச்சட்டத்துக் கம்பி. ஒவ்வொண்ணையும் இழுத்து இழுத்துப் பாத்துட்டு, அவ சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கடல் பக்கம் போயிட்டா. அப்புறம் நான் போயிச் சோதிச்சுப் பாத்தேன். கட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நூல் அளவுகூட ஆடல.

அன்னிக்குச் சாயங்காலம் மைதிலி வந்து, "அப்பா, அம்மா டிக்கெட்டை ரெண்டு மாசம் தள்ளிப் போட்டாச்சு"ன்னுச்சு. துளசிமணி வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தா. நான் அவளைப் பாத்தேன். அவ வெங்காயத்தைப் பாத்துக்கிட்டிருந்தா. அப்பத்தான் நான் சொன்னேன், "இருந்துட்டு வா"ன்னு. நாந்தானே சொன்னேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே. ஊர்ல எத்தனை பேரு இப்படிச் சொல்லுவாங்க?

என்னங்க தம்பி, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க. சரி, யோசிச்சே சொல்லுங்க. அதா, நம்ம ப்ளேனுக்குத்தான் கூப்பிடறாங்க போல, சனம் எந்திரிக்குது. வரிசை கொறையட்டும், மெதுவாப் போலாம்.

ஊர்ல வீட்டுல அரிசி எந்த டப்பாவுல இருக்குதுன்னு கேக்கோணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், ஏர்போர்ட்டு வந்த அவசரத்துல மறந்தே போச்சுங்க. மோட்டார் போடற சுவிச்சும் எதுன்னு தெரியல, ரெண்டு இருக்குது. நியூசிலாந்துல இப்ப மத்தியானம் ஆகியிருக்கும். துளசிமணியை ஏற்கெனவே ரெண்டு தரம் கூப்பிட்டுட்டேன், எடுக்கல.

வேற ஒண்ணுமில்லீங்க, ஓட்டிக்கிட்டிருப்பா. வண்டி ஓட்டறப்பப் போன் எடுக்கப்படாது. நாந்தான் அவளுக்குச் சொல்லி வெச்சிருக்கறேன்.